அத்தியாயம் 7: ஹெல்மெட்டுக்குள் தாடை வலி

ஆட்டம் முடிந்து ஹெல்மெட்டைக் கழற்றியதும் காதுக்குச் சற்று முன்னால் குத்துகிறது. மறுநாள் காலையில் கொட்டாவி விடும்போது 'டக்' என்று ஒரு சத்தம். மதியம் பிரியாணியில் எலும்பைக் கடிக்கப் போனால் கன்னம் இறுகிக்கொள்கிறது. இதைக் காதுவலி என்று நினைத்து, காதில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டே வாரங்களைக் கடத்துபவர்கள் உண்டு. வலி பெரும்பாலும் காதில் இருப்பதில்லை. காதை ஒட்டியிருக்கும் தாடை மூட்டிலோ, அந்த மூட்டை இயக்கும் தசைகளிலோ இருக்கிறது.

ஹெல்மெட்டோ தலைக்காப்போ அணிந்து, உடலோடு உடல் மோதி ஆடுபவர்களுக்கும் அவர்களுடைய பெற்றோருக்கும் இந்த அத்தியாயம். ஜூரோங்குக்கு இதில் தனி வரலாறே இருக்கிறது. வெயில் ஓயாத இந்த ஊரில், ஜூரோங் என்டர்டெயின்மென்ட் சென்டருக்குள் ஃபுஜி ஐஸ் பேலஸ் என்ற பனிச்சறுக்குத் தளம் இருந்தது. அதே இடத்தில் 2012இல் ஜேக்யூப் எழுந்தபோது அதற்குள் ஒலிம்பிக் அளவுத் தளம் ஒன்று திறந்தது. நீளம் 60 மீட்டர், அகலம் 30 மீட்டர். 2023 ஆகஸ்ட்டில் ஜேக்யூப் மூடப்படும்வரை மேற்குச் சிங்கப்பூரில் ஐஸ் ஹாக்கி என்றால் அந்த இடம்தான். அங்கே முதல் முறையாக ஹெல்மெட்டும் முகக் கூண்டும் மாட்டிக்கொண்ட பிள்ளைகளில் பலர் இப்போது இளைஞர்கள். சமூக மன்றங்களில் தேக்வாண்டோ பயில்பவர்கள் தலைக்காப்பு அணிகிறார்கள். சிலம்பத்தில் தொடுமுறைப் போட்டிக்கு இறங்குபவர்களுக்கும் தலைக்கவசம் உண்டு. விளையாட்டு எதுவானாலும் தாடைக்கு நேரும் தொல்லை ஏறத்தாழ ஒன்றுதான்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வரும். ஒரு பெரிய அடி வாங்கித் தாடை கெட்டுப்போகிறது என்றுதான் பலரும் நம்புகிறார்கள். அப்படி நடப்பதும் உண்டு, அதைத் தனியாகப் பார்ப்போம். ஆனால் வாரக்கணக்கில் இழுத்தடிக்கும் வலிக்குக் காரணம் பெரும்பாலும் எதிராளி அல்ல. பல்லை இறுகக் கடித்துக்கொண்டு ஆடும் பழக்கமும், தாடையைப் பின்னுக்குத் தள்ளும் வாரும், பொருந்தாத மவுத்கார்டும்தான் சேர்ந்து இந்த வேலையைச் செய்கின்றன. மூன்றையும் நாமே சரிசெய்ய முடியும்.

மூட்டு எப்படி வேலை செய்கிறது

இரண்டு ஆள்காட்டி விரல்களையும் காதுத் துளைக்கு முன்னால் வைத்து வாயை மெதுவாகத் திறந்து மூடுங்கள். விரலுக்கடியில் ஏதோ உருண்டு முன்னால் நகர்வது தெரியும். அதுதான் கீழ்த்தாடை எலும்பின் தலை. அதற்கும் மண்டையோட்டுக் குழிக்கும் நடுவில் மெல்லிய வட்டு ஒன்று இருக்கிறது. வாய் கொஞ்சம் திறக்கும்போது எலும்பின் தலை உள்ளேயே சுழல்கிறது. அகலத் திறக்கும்போது வட்டையும் இழுத்துக்கொண்டு முன்பக்கம் சறுக்குகிறது. முழங்காலும் முழங்கையும் ஒவ்வொரு பக்கமும் தனித்தனியாக இயங்கும். தாடையில் இடது, வலது இரண்டு மூட்டுகளும் ஒரே எலும்பால் கட்டப்பட்டவை. ஒரு பக்கம் தடுமாறினால் மறுபக்கமும் சேர்ந்து சுமக்கிறது. வலிக்கும் பக்கம் ஒன்று, கோளாறு மறுபக்கம் என்று ஆவது இதனால்தான்.

வட்டு கொஞ்சம் முன்னால் நழுவி, வாய் திறக்கும்போது மீண்டும் தன் இடத்தில் ஏறினால் 'டக்' சத்தம் கேட்கும். வலி இல்லாமல் சத்தம் மட்டும் வந்தால் சிகிச்சை வேண்டியதில்லை. சத்தம் கேட்கிறதே என்று தாடையைப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்க்கும் பழக்கத்தைத்தான் விடவேண்டும், அது மூட்டை எரிச்சலூட்டும். ஆனால் மாதக்கணக்கில் கேட்டுக்கொண்டிருந்த சத்தம் ஒருநாள் திடீரென்று நின்று, அதோடு வாயும் பாதிதான் திறக்கிறது என்றால் சரியாகிவிட்டது என்று மகிழ வேண்டாம். நழுவிய வட்டு திரும்பி ஏறாமல் முன்னாலேயே சிக்கிக்கொண்டிருக்கலாம். சில நாள்களுக்குள் பல் மருத்துவரைப் பாருங்கள். நாள் கடந்தால் சரிசெய்வது கடினமாகும்.

தசையா, மூட்டா என்று வீட்டிலேயே ஓரளவு பிரித்துப் பார்க்கலாம். ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றையும் செங்குத்தாக அடுக்கி முன்பற்களுக்கு நடுவே நுழையுங்கள். பெரியவர்களுக்கு வாய் 40 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ திறப்பது வழக்கம், ஏறத்தாழ அவரவர் மூன்று விரல் அகலம். இரண்டு விரலோடு நின்றுவிட்டால் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு கண்ணாடி முன் நின்று வாயைத் திறந்து, தாடை நேராக இறங்குகிறதா, ஒரு பக்கம் கோணுகிறதா என்று பாருங்கள். பின்பற்களைக் கடித்தால் கன்னத்தில் புடைக்கும் தசையையும், நெற்றிப்பொட்டுக்கு மேலே விசிறியாக விரியும் தசையையும் அழுத்துங்கள். பழக்கமான அந்த வலி அங்கேயே பிறந்தால் பிரச்சினை முதன்மையாகத் தசையில்தான். நல்ல செய்தி அது, தசை வலி ஓய்வுக்கும் பழக்க மாற்றத்துக்கும் நன்றாக இணங்கும்.

வலி எப்போது வருகிறது என்பது இன்னும் முக்கியம். காலையில் எழும்போதே தாடை களைத்திருந்தால் இரவில் பல் நறநறக்கிறீர்கள் என்று சந்தேகிக்கலாம். ஆட்டத்துக்குப் பின் மட்டும் வந்தால் ஹெல்மெட்டையும் மவுத்கார்டையும் சந்தேகியுங்கள். தேர்வு வாரங்களிலும் வேலை நெருக்கடியிலும் கூடினால் இரண்டும் கலந்திருக்கலாம். இரண்டு வாரம் கைபேசியில் குறிப்பெடுத்து வையுங்கள். மருத்துவரிடம் போனால் எக்ஸ்ரேக்கு முன்பே அவருக்கு உதவப்போவது அந்தக் குறிப்பு.

வார் இறுகினால் பாதுகாப்பு கூடுமா

கூடாது. ஹெல்மெட் தலையில் நிற்க வேண்டியது அதன் அளவாலும் உள்ளிருக்கும் மெத்தைகளாலும். வார் என்பது அது கழன்று போகாமலிருக்க மட்டும். தளர்ந்த ஹெல்மெட்டை வாரால் இறுக்கிச் சமாளிப்பவர்களின் தாடைதான் அந்த விலையைக் கொடுக்கிறது. ஆட்டம் முழுக்க முகவாயில் பதிந்திருக்கும் கிண்ணமோ வாரோ கீழ்த்தாடையை மேலும் பின்னுமாகத் தள்ளுகிறது. மூட்டின் தலை குழியின் பின்பக்கம் போய் அழுத்துகிறது. அந்த இடத்தில் நரம்பும் இரத்தக் குழாயும் நிறைந்த மென்மையான திசு இருக்கிறது. உணர்ச்சி மிகுந்த இடம் என்பதால் வலிக்கிறது.

ஐஸ் ஹாக்கி ஹெல்மெட்டை இப்படிப் பாருங்கள். முன்விளிம்பு புருவத்துக்கு ஒரு விரல் மேலே நிற்கவேண்டும். வாரை மாட்டாமல் தலையைக் குனிந்து மெதுவாக ஆட்டும்போதே ஹெல்மெட் ஓரளவு நிற்கவேண்டும். நழுவினால் அளவு பெரியது, வாரை இறுக்கி அதைச் சரிசெய்ய முடியாது. அடுத்து முகக் கூண்டு. கூண்டின் அடியிலுள்ள கிண்ணம் முகவாயைத் தொட்டபடி இருக்கவேண்டும், தள்ளக்கூடாது. கூண்டு உயரம் குறைந்ததாக இருந்தால் எவ்வளவு சரிசெய்தாலும் கிண்ணம் முகவாயை மேலே தூக்கும், அப்போது ஒரு அளவு பெரிய கூண்டு வாங்குவதுதான் வழி. வாருக்கும் முகவாய்க்கும் இடையே ஒரு விரல் நுழையட்டும்.

கடைசியாக ஒரு சோதனை, இதை எந்தக் கடையிலும் செய்து பார்க்கச் சொல்லுவேன். எல்லாவற்றையும் முழுதாக மாட்டிக்கொண்டு, மவுத்கார்டும் போட்டு, உதட்டை மூடி, மேல் கீழ்ப் பற்களைச் சற்றே பிரித்து வையுங்கள். முப்பது விநாடி அப்படியே இருங்கள். தாடை தானாகவே மேலே தள்ளப்பட்டுப் பற்கள் முட்டிக்கொண்டால் அந்த ஹெல்மெட் உங்கள் முகத்துக்கானது அல்ல.

அமெரிக்கக் கால்பந்து ஹெல்மெட்டில் கன்னத்தை ஒட்டிய மெத்தை இருக்கும். தடிமன் அதிகமானால் அது நேராகக் கன்னத் தசையில் அழுத்தி ஆட்டம் முழுக்கத் தசையை எரிச்சலூட்டும், மெல்லியதாக மாற்றுங்கள். நாலு முனை வார் உள்ள ஹெல்மெட்டில் இடது வலது இழுவை ஒரே அளவாக இருக்கட்டும். தேக்வாண்டோ தலைக்காப்பில் வார் முகவாய்க்குக் கீழே போகிறது, தொண்டைப் பக்கம் தள்ளி மாட்டினால் தாடைக்குச் சுமை குறையும். நம் ஊர் ஈரப்பதத்தில் மெத்தைகள் வியர்வை ஊறி, காயாமலே அமுங்கிப்போகின்றன. போன ஆண்டு கச்சிதமாக இருந்த ஹெல்மெட் இந்த ஆண்டு தளர்வதும், தளர்ந்ததை வாரால் இறுக்குவதும் அப்படித்தான். ஒவ்வொரு முறையும் பையிலிருந்து எடுத்து மின்விசிறிக் காற்றில் உலர்த்துங்கள்.

தேசிய சேவையில் இருப்பவர்களுக்கும் இதே கணக்குதான். பயிற்சி முகாமில் நாளெல்லாம் இறுகிய வார், விடுமுறை நாளில் மைதானத்தில் இன்னொரு வார் என்று இரண்டும் சேர்ந்தால் தாடை ஓய்வே காண்பதில்லை. வலி இருந்தால் முகாமின் மருத்துவரிடம் சொல்லுங்கள், மறைக்க வேண்டாம்.

தலைக்காப்பு மூளை அதிர்ச்சியிலிருந்து காப்பாற்றும் என்று நம்பியும் சிலர் வாரை இறுக்குகிறார்கள். மண்டையோடும் முகமும் காயப்படாமல் காப்பதில் தலைக்காப்புக்குப் பெரும் பங்கு உண்டு. மூளை மண்டைக்குள் குலுங்குவதை அது முழுதாகத் தடுப்பதில்லை. 2016 ரியோ ஒலிம்பிக்கில் ஆண்கள் குத்துச்சண்டை வீரர்கள் தலைக்காப்பு இல்லாமலே களமிறங்கினார்கள். 2013இலேயே சர்வதேசச் சங்கம் அதை நீக்கும் முடிவை எடுத்திருந்தது. அந்த முடிவு சரியா தவறா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. வாரை ஒரு துளை கூடுதலாக இழுத்து மாட்டினால் மூளை பத்திரம் என்று எண்ணிவிடக்கூடாது என்பது மட்டும் உறுதி.

மவுத்கார்டு

கடையில் அப்படியே வாங்கி மாட்டுவது, வெந்நீரில் இட்டுக் கடித்து வடிவமெடுப்பது, பல் மருத்துவர் அச்செடுத்துச் செய்து தருவது என மூன்று வகை. முதல் வகையைத் தாடை வலி உள்ளவர்கள் தொடவே வேண்டாம். தளர்ந்திருப்பதால் அதைப் பல்லால் கடித்தே நிறுத்தவேண்டியிருக்கும், ஆட்டம் முழுக்க இறுகக் கடித்தபடி ஆடுவீர்கள்.

இரண்டாவது வகைதான் பெரும்பாலோர் கையில். அதைக் கெடுப்பது நாம் வடிவமெடுக்கும் விதம். வெந்நீரில் மென்மையானதும் பலம் கொண்ட மட்டும் கடித்துவிடுகிறார்கள். பின்பற்கள் இருக்கும் இடம் காகிதத் தடிமனாகிறது, அதுவும் இரு பக்கமும் ஒரே அளவில் இல்லை. பிறகு ஆட்டத்தில் வலது பின்பல் மட்டும் முட்டுகிறது, இடது மூட்டு எடை தாங்குகிறது. மெதுவாகக் கடித்து, உதட்டாலும் நாக்காலும் உறிஞ்சி ஒட்டவையுங்கள். ஆறியபின் லேசாகக் கடித்துப் பாருங்கள், இடது வலது பின்பற்கள் ஒரே நேரத்தில் தொடவேண்டும். தொடாவிட்டால் புதிதாக ஒன்றை எடுங்கள், சொற்பச் செலவுதான்.

மூட்டில் ஏற்கெனவே தொல்லை உள்ளவர்கள் மூன்றாவது வகைக்குப் போவது நல்லது. மருத்துவர் அச்சின்மீது 3, 4 மில்லிமீட்டர் தடிமனில் செய்து, கடி சமமாக விழுகிறதா என்று பார்த்துத் தருவார். தடிமன் கூடினால் பாதுகாப்பும் கூடுமென்று கேட்டு வாங்காதீர்கள். வாய் எப்போதும் பிளந்தபடி நின்றால் தசைகள் இழுபட்டுச் சோரும், மூச்சும் முட்டும். பல்லில் கம்பி கட்டியிருக்கும் பிள்ளைகளுக்குக் கம்பிக்கு இடம்விட்டுச் செய்த மவுத்கார்டு தேவை. வளரும் வயதில் பற்கள் இடம் மாறுவதால் ஒவ்வொரு பருவத்திலும் பொருந்துகிறதா என்று பாருங்கள்.

இரவில் பல் நறநறப்பவர்களுக்கு மருத்துவர் கொடுக்கும் கடினமான பிளாஸ்டிக் தட்டைக் களத்தில் அணியக்கூடாது. அது அடி தாங்கச் செய்யப்பட்டதல்ல, உடைந்து தொண்டைக்குள் போகலாம். அதேபோல் மவுத்கார்டை இரவில் அணிந்து தூங்குவதும் பயன் தராது. மென்மையான பொருள் என்பதால் சிலருக்குக் கடிக்கும் பழக்கத்தையே அது கூட்டுகிறது.

ஓய்வில் அமர்ந்திருக்கும்போது மவுத்கார்டை மெல்லும் பழக்கம் ஐஸ் ஹாக்கி ஆடுபவர்களிடம் தொற்றாகவே பரவியிருக்கிறது. தொலைக்காட்சியில் பெரிய வீரர்கள் செய்கிறார்கள், பிள்ளைகள் பார்த்துப் பழகுகிறார்கள். மென்று மென்று மவுத்கார்டு கிழிகிறது, தசை களைக்கிறது. பயிற்றுநர்கள் இதைக் கண்டிப்பார்களானால் பாதி வேலை முடிந்தது. சிங்கப்பூரில் சூயிங்கம் இறக்குமதிக்கு 1992 முதல் தடை இருப்பதால், மற்ற நாடுகளில் தாடை நோயாளிகளுக்கு முதலில் சொல்லப்படும் அறிவுரை இங்கே பெரிதும் தேவைப்படுவதில்லை. மவுத்கார்டு அந்த இடத்தைப் பிடிக்கவேண்டாம்.

பற்கள் பிரிந்திருக்கட்டும்

வாய் மூடியிருக்கும்போது பற்களும் முட்டிக்கொண்டிருக்கவேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். மெல்லும்போதும் விழுங்கும்போதும் தவிர மேல் கீழ்ப் பற்கள் தொடவே தேவையில்லை. உதடு மூடி, பற்கள் சற்றே பிரிந்து, நாக்கு மேல் அண்ணத்தில் ஓய்வெடுப்பதுதான் தாடையின் இயல்பு நிலை. 'ன்' என்று உச்சரித்து அப்படியே நிறுத்துங்கள். நாக்கு நுனி மேல் முன்பற்களுக்குச் சற்றுப் பின்னால் நிற்கும், பற்களும் பிரிந்திருக்கும். அந்த இடத்தைப் பழகுங்கள். பூன் லேயிலிருந்து ராஃபிள்ஸ் பிளேஸ் வரை ரயிலில் கைபேசியைக் குனிந்து பார்த்தபடி போகும் நேரம் முழுக்கப் பலருடைய பற்கள் முட்டிக்கொண்டிருக்கின்றன. கழுத்து முன்னால் நீண்டால் தாடை பின்னுக்கு இழுபடுகிறது. ஒவ்வொரு நிறுத்தத்தில் கதவு திறக்கும்போதும் 'ன்' நிலைக்கு வாருங்கள், தலையை நிமிர்த்துங்கள். களத்திலும் ஆட்டம் நிற்கும் ஒவ்வொரு விசிலுக்கும் அதையே செய்யுங்கள். முழு வேகத்தில் மோதும் விநாடியில் பல்லைக் கடிக்காமல் யாராலும் இருக்க முடியாது, அதைப் பற்றிக் கவலை வேண்டாம். விசிலுக்கும் விசிலுக்கும் இடையில் தொடர்ந்து கடித்திருப்பதுதான் வலிக்குக் காரணம்.

சிலி நாட்டு இயன்மருத்துவர் மரியானோ ரொக்கபாடோ வகுத்த முறையில் பயிற்சிகளை ஆறு ஆறு முறையாக, நாளில் ஆறு வேளை செய்யச் சொல்வார்கள். அதிலிருந்து எளிதான ஒன்று போதும். நாக்கை அண்ணத்தில் வைத்தபடியே, அது விலகாத அளவுக்கு மட்டும் வாயைத் திறந்து மூடுங்கள். கண்ணாடி முன் செய்தால் கோணாமல் திறக்கப் பழகலாம். வலி கூடினால் நிறுத்திவிடுங்கள்.

தசை வலிக்கு வெதுவெதுப்பான ஈரத்துணி ஒத்தடம் 15 நிமிடம் கொடுக்கலாம். வலி கடுமையான வாரங்களில் இடியாப்பம், தயிர்சாதம், கஞ்சி, மீன், காப்பிக்கடைப் பக்கம் போனால் தௌஹுவே என்று மென்மையாகச் சாப்பிடுங்கள். முறுக்கு, கரும்பு, பாக்கு வேண்டாம். ஆப்பிளை நறுக்கிச் சாப்பிடுங்கள். கொட்டாவி வந்தால் முகவாய்க்குக் கீழே கைமுட்டியை வைத்துத் தாங்குங்கள். சுளுக்கு எடுப்பவரிடம் போய்த் தாடையை வெடுக்கென்று திருகவிடாதீர்கள். அன்பாகத்தான் சொல்வார்கள் வீட்டுப் பெரியவர்கள், ஆனாலும் இதற்கு மறுத்துவிடுங்கள்.

அடி விழுந்த நாளில்

இங்கே பொறுமை காட்டக்கூடாது. முகவாயில் அடி விழுந்து தோல் கிழிந்தால் காயத்தைத் தைப்பதோடு நிறுத்தாதீர்கள். அந்த விசை எலும்பு வழியாக ஏறி மூட்டுக்கு அடியிலுள்ள தாடை எலும்பின் கழுத்துப் பகுதியை முறிக்கலாம், ஒரு பக்கமோ இரு பக்கமுமோ. பிள்ளைகளுக்கு அது முகத்தின் வளர்ச்சியையே பாதிக்கக்கூடியது. பற்கள் முன்போல் பொருந்தவில்லை, கீழ் உதடோ முகவாயோ மரத்துப்போகிறது, காதிலிருந்து இரத்தம் வருகிறது, வாய் திறக்கவில்லை, திறந்த வாய் மூடவில்லை என்ற எதுவானாலும் அன்றே அவசரப் பிரிவுக்குப் போங்கள். ஜூரோங் ஈஸ்ட் ரயில் நிலையத்துக்கு அருகிலேயே இங் தெங் ஃபோங் பொது மருத்துவமனை இருக்கிறது. மாட்டிக்கொண்ட தாடையைத் தோழர்கள் களத்தில் வைத்துத் தள்ளிப் பார்க்கக்கூடாது.

தாடையில் விழும் அடி மூளையையும் குலுக்கும். தலைவலி, குழப்பம், வாந்தி, பார்வை மங்கல், நடந்தது நினைவில்லாமை என்று ஏதாவது தெரிந்தால் அந்த வீரர் அன்று மீண்டும் களத்துக்குப் போகக்கூடாது. நினைவிழந்தாலோ வாந்தி தொடர்ந்தாலோ 995. தலையில் அடிபட்ட நாளில் மருத்துவர் பார்க்கும்முன் ஆஸ்பிரின், இபுபுரோஃபென் கொடுக்காதீர்கள், இரத்தக் கசிவைக் கூட்டக்கூடும்.

யாரிடம் போவது

அவசரமில்லாத வலிக்கு உங்கள் பல் மருத்துவரே முதல் படி. மானியக் கட்டணத்தில் நிபுணரைப் பார்க்கவேண்டுமானால் பொதுவாகப் பலதுறை மருந்தகம் போன்ற இடத்தின் பரிந்துரைக் கடிதம் வேண்டும். ஊட்ரம் பக்கம் தேசியப் பல் மருத்துவ நிலையமும், கென்ட் ரிட்ஜில் தேசியப் பல்கலைக்கழக வாய் நல நிலையமும் இருக்கின்றன. மெடிசேவ் பணத்தைப் பல் சிகிச்சையில் பெரும்பாலும் அறுவைச் சிகிச்சைக்குத்தான் எடுக்க முடியும். ஆகவே மவுத்கார்டுக்கும் இரவுத் தட்டுக்கும் கையிலிருந்துதான் செலவு, முதலிலேயே விலை கேட்டுக்கொள்ளுங்கள். மருத்துவரிடம் போகும்போது ஹெல்மெட்டையும் மவுத்கார்டையும் பையில் எடுத்துப்போங்கள், போட்டுக் காட்டுங்கள். வாயை மட்டும் பார்த்தால் அவருக்குப் பாதிதான் தெரியும். பற்களைத் தேய்த்துக் கடியை மாற்றலாம், உடனே அறுவைச் சிகிச்சை என்று யாராவது முதல் சந்திப்பிலேயே சொன்னால் இன்னொருவரிடமும் கேளுங்கள். பெரும்பாலோருக்கு இந்த வலி சாதாரணக் கவனிப்பிலேயே தணிகிறது. திரும்பப் பெறமுடியாத சிகிச்சையைக் கடைசியாகத்தான் எண்ணவேண்டும்.

களத்துக்கு எப்போது திரும்புவது என்று கேட்பார்கள். எலும்பு முறிவோ மூளை அதிர்ச்சியோ இருந்தால் அதை மருத்துவர் மட்டுமே சொல்லவேண்டும். தசை வலி மட்டும்தான் என்றால் மூன்று விரல் நுழையவேண்டும், மென்மையான உணவு வலிக்காமல் இறங்கவேண்டும், ஹெல்மெட் மாட்டி முப்பது விநாடிச் சோதனையில் தேறவேண்டும். பிறகு மோதல் இல்லாத பயிற்சியில் தொடங்கி, மறுநாள் காலையில் தாடை எப்படி இருக்கிறது என்று பார்த்து அடுத்த கட்டத்துக்கு நகருங்கள். வலி திரும்பினால் ஒரு கட்டம் பின்வாங்குங்கள். பயிற்றுநரிடம் இதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள், பிள்ளையாக இருந்தால் பெற்றோரே சொல்லட்டும். அணியிலிருந்து நீக்கிவிடுவார்களோ என்று பயந்து வாய் திறக்காமல் ஆடும் பிள்ளைகளை நினைத்தால் மனம் கனக்கிறது. அவர்களுக்காகத்தான் இந்த அத்தியாயம் இவ்வளவு நீண்டது.